ஸ்கோர் புத்தகத்தில் பெயர் வராதவர்கள்

(மும்பை மாட்டுங்காவில், கிரிக்கெட் கிளப் ஒன்றுக்கு நெடுங்காலம் உழைத்த நால்வருக்கு நம் அங்கத்தினர்கள் எடுத்த பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. நால்வரும் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்கள் இங்கே அச்சிடப்படவில்லை.)

 

பத்து நிமிஷம் பேசலாம் என்று காரியதரிசி சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகஸ்தனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்த தைரியத்துக்கு என் பாராட்டு.

இன்று பொன்னாடை பெறப்போகும் நால்வரில் ஒருவர்கூட சதம் அடித்தவர் இல்லை. ஐந்து விக்கெட் எடுத்தவரும் இல்லை. ஒருவர் 41 சீசன் ஸ்கோர் எழுதியவர். ஒருவர் கிளப்பின் காரியதரிசியாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். மூன்றாமவர் அந்தக் காரியதரிசியின் சகதர்மிணி. நான்காமவர் ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்ட மாலி. அவர் நம்மவர் அல்ல, கொங்கணத்திலிருந்து வந்த மராட்டியர். முதலில் தயாரான அழைப்பிதழில் மூன்று பேர்தான் இருந்தார்கள். சங்கத்தின் பணத்தில் சங்கத்துக்காரர்களை கௌரவிப்பதுதானே முறை என்று ஒரு கட்சி. நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்கோர் எழுதிய மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அவர் இல்லாத மேடையில எனக்கென்ன வேலை? பொன்னாடையை ஆத்துக்கு அனுப்பிடுங்கோ, போர்த்திண்டு தூங்கறேன்." அழைப்பிதழ் மறுபடி அச்சாயிற்று. அது ஏன் சரி என்று சொல்லத்தான் நான் நிற்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பூர்வ கதை. இந்த ஊரில் டாக்டர் ஹெச்.டி. காங்கா நினைவு லீக் என்று ஒன்று 1948 முதல் நடந்து வருகிறது. கங்கை இல்லை, காங்கா. அவர் பார்ஸிக்காரர், மருத்துவர். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் ஆடியவர். உலகத்தில் எங்கும் மழை வந்தால் கிரிக்கெட்டை நிறுத்துவார்கள். பம்பாயில் மழை வந்தால்தான் இந்த லீகை ஆரம்பிப்பார்கள். காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஈரத் தரையில் நம்மவர்கள் திணறினார்கள். ஈரத்தில் ஆடிப் பழகட்டும் என்பதுதான் இதன் பின்னால் நின்ற விஜய் மெர்ச்சன்ட் முதலியவர்களின் எண்ணம். ஆடுகளத்துக்கு மூடி கிடையாது. புல் கணுக்கால் வரை வளர்ந்திருக்கும். நன்றாக அடித்த பந்தும் பத்தடி தள்ளிப் புல்லில் படுத்துக்கொள்ளும். இங்கே முப்பது ரன் எடுத்தால் வேறிடத்தில் நூறு எடுத்த மாதிரி.

இந்த லீகில் 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு டிவிஷன், டிவிஷனுக்கு 14 அணி, ஆக 98 அணி என்று பல்லாண்டுகளாகக் கணக்கு. நான் தணிக்கைத் துறையில் இருந்தவன்; எண்ணைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டேன். எல்லாரும் ஆடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 49 ஆட்டம், 1,078 ஆட்டக்காரர்கள். ஆட்டத்துக்கு இரண்டு நடுவர் என்றால் 98 நடுவர். ஸ்கோர் எழுத இரண்டு பேர் வேண்டும் என்கிறது கிரிக்கெட் சட்டம். 2000-ஆம் வருஷத் தொகுப்பில் அது நான்காவது சட்டம். 2017-ல் திருத்திய தொகுப்பில் மூன்றாவது. ஆக, ஏட்டளவில் இன்னொரு 98 பேர். 49 ஆடுகளத்துக்கும் உருளை இழுக்க ஆள் வேண்டும். 98 கிளப்புக்கும், சனிக்கிழமை ராத்திரி "நாளைக்குப் பதினோரு பேர் தேறுமா?" என்று தூக்கம் கெட்டவர் ஒருவர் வேண்டும். ஊதியம் வாங்காத, வாங்கினாலும் வாய்க்கும் கைக்குமாக வாங்கிய இவர்களுடைய கணக்கை எந்தப் புத்தகமும் எழுதுவதில்லை.

சச்சின் டெண்டுல்கர் தம் பதினோராவது வயதில், 1984-ல், ஜான் பிரைட் கிளப்புக்காக இந்த லீகில் இறங்கினார். அது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு யார் ஸ்கோர் எழுதினார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு 1972-ல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன். வந்த மறு வருஷம் சேப்பாக்கத்தில் ரஞ்சி இறுதி ஆட்டம். பத்மாகர் ஷிவல்கர் 16 ரன்னுக்கு எட்டு, 18 ரன்னுக்கு ஐந்து என்று நம் தமிழ்நாட்டைச் சுருட்டினார். மூன்றாம் நாள் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. அந்த வாரம் ஆபீஸ் கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக் கொடுக்காத மராட்டிய நண்பர் இல்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நண்பர்களில் ஒருவர்தான் என்னை நம் கிளப்புக்கு அழைத்துப் போனார். பதினோராவது ஆட்டக்காரனாக எட்டு சீசன் ஆடினேன். என் ஆட்டத்தைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஸ்கோர் மாமாவுக்கு வருகிறேன்.

ஸ்கோர் எழுதுவதை ரன்னை எண்ணும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது இரட்டைப் பதிவுக் கணக்கு. ஒரு பக்கம் பேட்ஸ்மேன்கள் எடுத்தது, அதோடு உதிரிகள். மறுபக்கம் பந்துவீச்சாளர் ஒவ்வொருவரும் கொடுத்தது. அதோடு, அவர்கள் தலையில் ஏறாத பைகளும் லெக் பைகளும். இரண்டு கூட்டலும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். நில்லாவிட்டால் எங்கோ பிசகு. ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஓவர் முழுதும் புள்ளியானால் ஆறையும் கோட்டால் இணைத்து 'எம்' போடுவது. அதில் விக்கெட்டும் விழுந்தால் 'டபிள்யூ'. நடுவர் கை காட்டினால் இங்கிருந்து பதிலுக்குக் கை காட்ட வேண்டும். அதுவரை அவர் ஆட்டத்தை விடமாட்டார். இத்தனையும் ஒழுகுகிற கூடாரத்தில், மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு.

மாமா பேனாவைத் தொடமாட்டார். எச்.பி. பென்சில்தான். மழைச் சாரலில் மை கலங்கும். பென்சிலின் கிராஃபைட் தண்ணீரில் கரையாது. நான் காலேஜில் படித்தது இந்த ஒரு விஷயத்தை அவருக்கு விளக்கத்தான் பயன்பட்டது; அவரோ, "அது எனக்கு நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்டா" என்றார்.

எண்பதுகளில் ஒரு ஆகஸ்டு. எதிரணி 117. நாங்கள் கடைசி விக்கெட்டில் தட்டுத்தடுமாறி 118 எடுத்து ஆட்டமிழந்தோம். முதல் இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை. மழை கொட்டுகிறது, இனி ஆட்டமில்லை. மேல் டிவிஷனுக்குப் போகும் வாய்ப்பு அந்த ஒரு ரன்னில் இருந்தது. கூடாரத்தில் ஒரே கும்மாளம். மாமா மட்டும் மூலையில் பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார். பேட்டிங் பக்கம் 118 வருகிறது, பந்துவீச்சுப் பக்கம் 117 வருகிறது. ஓவர் ஓவராகப் பின்னோக்கிப் போனார். ஒரு லெக் பை, பேட்ஸ்மேன் கணக்கிலும் ஏறியிருக்கிறது, உதிரியிலும் ஏறியிருக்கிறது. எதிரணியின் ஸ்கோரர் எங்கள் பையன் சொன்னதைக் கேட்டு எழுதியவர். அவர் புத்தகத்திலும் அதே பிசகு. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. மாமா எழுந்தார், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் நடந்தார், நடுவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் புத்தகத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் 117. முன்னிலை போயிற்று. மேல் டிவிஷனும் போயிற்று.

எங்கள் கேப்டன் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. "மாமா, அடுத்தாத்துக்காரன் கேக்கவே இல்லையே!" என்று ஒரு பையன் அழாக்குறையாகக் கேட்டான். "கணக்குல நம்மாத்துக் கணக்கு, அடுத்தாத்துக் கணக்குன்னு ரெண்டு உண்டாடா?" என்றார் மாமா. தணிக்கையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தேன். அந்த மாதிரி ஒரு மேலதிகாரி எனக்குக் கிடைத்ததில்லை.

2016 ஜனவரியில் கல்யாணில் ஒரு பள்ளிக்கூடப் பையன், பிரணவ் தனவடே, ஒரே இன்னிங்ஸில் 1009 ரன் எடுத்தது ஞாபகம் இருக்கும். அணியின் மொத்தம் மூன்று விக்கெட்டுக்கு 1465. பேப்பரெல்லாம் பையன் படம், அது நியாயம். படித்தவுடன் நம் மாமா கேட்டது, "பாவம், யாருடா எழுதினா?"

காரியதரிசி அண்ணாவைப் பற்றி அதிகம் சொன்னால் அவருக்கே பிடிக்காது. டெலிபோன் இல்லாத காலத்தில் புதன்கிழமை தோறும் பதினைந்து போஸ்ட் கார்டு எழுதிப் போடுவார்: இன்ன மைதானம், இத்தனை மணி. சனிக்கிழமை சாயங்காலம் பதில் வராதவன் வீட்டு மாடிப்படி ஏறுவார். மாட்டுங்காவில் அந்நாளைய மூன்று மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏது? ஞாயிறு விடியற்காலம் கிட் பையைத் தூக்கிக்கொண்டு முதல் லோக்கல் வண்டி. சந்தா கொடுக்காதவனுக்குத் தம் கையிலிருந்து போடுவார்; போட்டது இவர் என்று அவனுக்கே தெரியாது. பெரிய கம்பெனிகளும் வங்கிகளும் டைம்ஸ் ஷீல்டு ஆட ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகமே கொடுத்த காலம் அது. அண்ணா தம் குமாஸ்தா சம்பளத்தில் ஒரு அணியை நடத்தினார்.

மாமியைப் பற்றிச் சொல்லியே தீரவேண்டும். இந்த ஊர் மழைக்காலத்தில் துணி காயாது என்பது இங்கே குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும். கிளப்பில் பல பையன்கள் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியவர்கள். வெள்ளைச் சட்டை ஒன்றுதான். ஞாயிறு சாயங்காலம் சேறு படிந்த சட்டையும் பேன்ட்டும் ஒரு மூட்டையாக அண்ணா ஆத்துக்கு வரும். அந்த ஆத்தில் மடி ஆசாரம் உண்டு, மாமியார் உண்டு. பாய் வீட்டுப் பையன் துணி, பார்ஸிப் பையன் துணி, கோலிவாடாப் பையன் துணி எல்லாம் ஒரே வாளியில் ஊறும். முதல் நாள் மாமியார், "யார் யார் துணியெல்லாம்டி இது?" என்று கேட்டாராம். "சேத்தைப் பாத்தா தெரியலையேம்மா, எல்லாம் ஒரே செம்மண்ணாத்தான் இருக்கு" என்று மாமி சொன்னாராம். பாட்டி அதற்கு மேல் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் நீலம் கலக்கிக் கொடுத்தது பாட்டிதான் என்று கேள்வி. நடைக்குள்ளே கொடி கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஈரத்தோடேயே இஸ்திரி போட்டு, அடுத்த ஞாயிறு தயார். அதோடு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா நிறைய. "மாமி இட்லி" என்று எதிரணிக்காரர்களும் கேட்டு வாங்கித் தின்பார்கள். மாமி இதுவரை ஒரு ஆட்டம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. "எனக்கு எல்பிடபிள்யூ மட்டும் புரியவே இல்லை" என்கிறார். மாமி, பல நடுவர்களுக்கும் அப்படித்தான்.

இப்போது மாலி. நமஸ்காரம், காகா.

ஈரமான ஆடுகளம் என்ன செய்யும் என்பதற்கு விஞ்ஞானம் இருக்கிறது. களிமண்ணின் நுண்துகள்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பவை. இடையில் நீர் புகுந்தால் மண் உப்பும். வற்றினால் சுருங்கி இறுகும். மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தால் மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு காயும், அடியில் குழைவாகவே இருக்கும். பந்து அந்தப் பொருக்கை உடைத்துக்கொண்டு ஒரு சமயம் மார்புக்கு எழும்பும், ஒரு சமயம் தரையோடு ஓடும். முழுக்க நனைந்த களத்தில்கூட ஆடிவிடலாம்; பாதி காய்ந்த களம்தான் ஆளைக் கொல்லும். இதை நான் புத்தகத்தில் படித்தேன். மாலி குதிகாலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து, "பதினோரு மணி வரை மெதுவா வரும், அப்புறம் ஆட முடியாது" என்பார். ஒரு கோணிச் சாக்கு, ஒரு கூடை மரத்தூள், ஒரு உருளை, இவைதான் அவருடைய ஆய்வுக்கூடம். சாக்கால் நீரை ஒற்றி எடுத்துப் பிழிவார், மறுபடி ஒற்றுவார். பந்துவீச ஓடிவரும் இடத்தில் பையன் வழுக்கி விழக்கூடாது என்று மரத்தூளைப் பரப்புவார். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிளப்பின் கூடாரத்திலேயே படுக்கை.

ஏக்நாத் சோல்கரைப் பற்றி இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய தகப்பனார் இந்த ஊர் ஹிந்து ஜிம்கானாவில் மாலி. குடும்பம் மைதானத்து ஓரக் குடிசையில் வசித்தது. 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 101 ரன்னுக்குச் சுருண்டதே, அதில் சந்திரசேகர் எடுத்த ஆறு விக்கெட்டை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நம் வெங்கட்ராகவன் பந்தில், ஆலன் நாட்டை மட்டைக்கு அருகிலேயே பாய்ந்து பிடித்தவர் சோல்கர். 27 டெஸ்டில் 53 காட்ச். பந்து தரையில் பட்டு எப்படி எழும்பும் என்பது அவருக்குப் பிறந்த வீட்டுப் பாடம்.

2024 ஐபிஎல் முடிந்ததும், வழக்கமான பத்து மைதானங்களின் பணியாளர்களுக்கு மைதானத்துக்கு 25 லட்சம் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. நல்ல காரியம். 2025 ஜனவரியில் வான்கடே மைதானத்தின் ஐம்பதாண்டு விழாவில் மும்பை சங்கம் மைதானப் பணியாளர்களையும் அழைத்து மரியாதை செய்தது. அதுவும் நல்ல காரியம். ஆனால் காங்கா லீகின் கீழ் டிவிஷன் கிளப் மாலிக்கு அந்த 25 லட்சத்தில் ஒரு ரூபாய் வராது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் நாம். பென்ஷன் கிடையாது, பிராவிடன்ட் ஃபண்டு கிடையாது. உருளை இழுத்த முழங்கால் இரண்டும் இப்போது பேசுகின்றன. ஆகவே கமிட்டியில் நான் வைத்த யோசனை: பொன்னாடை ஒன்று போதும், வெள்ளித் தட்டு வேண்டாம், அந்தப் பணத்தோடு இன்னும் வசூலித்து அவருடைய முழங்கால் சிகிச்சைக்கு ஒரு நிதி. கமிட்டி ஏற்றுக்கொண்டது. வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே கௌரவிக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம். ராமாகாந்த் அச்ரேகர் ஆடிய முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்று. மீதி வாழ்நாள் முழுதும் சிவாஜி பார்க்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். துரோணாச்சார்யா 1990-ல், பத்மஸ்ரீ 2010-ல். அவை பெரிய இடத்து மரியாதை. அவர் நின்ற அதே சிவாஜி பார்க்கில் நினைவுச் சின்னம் திறந்தது 2024 டிசம்பரில். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகப் போகும்போது. முன்னே சொன்ன ஷிவல்கர், 589 முதல்தர விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட் ஆடாதவர். வாரியத்தின் சி.கே. நாயுடு விருது அவருக்கு வந்தது 2017-ல், எழுபத்தைந்து வயது தாண்டிய பிறகு. அவராவது வாங்கிக்கொண்டார். 2025 மார்ச்சில் மறைந்தார்.

ஒரு விஷயம் பாக்கி. நம் மாமாவுக்குப் பிறகு நம் கிளப்பில் ஸ்கோர் எழுத ஆள் இல்லை. காரியதரிசி வேலைக்கும் ஆள் இல்லை. மாட்டுங்காப் பிள்ளைகள் பெங்களூருக்கும் புணேக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள்; குறை சொல்லவில்லை, நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே. செல்போனில் ஸ்கோர் எழுதும் செயலி இருக்கிறது என்கிறான் என் பேரன். இருக்கட்டும், நல்லதுதான், ஓவர் முடிந்ததும் கூட்டல் தானே வருகிறது. ஆனால் மழைத்துளி விழுந்த திரை நனைந்த விரலுக்குச் சரியாகக் கட்டுப்படாது. தவிர, லெக் பையை ரன் என்று அழுத்தினால் அதையும் அது பிசகில்லாமல் கூட்டும். புத்தகமும் எழுதத் தெரிய வேண்டும். போன சீசனில் இரண்டு ஆட்டத்தில் ஸ்கோர் எழுத ஆள் இல்லாமல், ஆட்டமிழந்து வந்தவர்கள் மாற்றி மாற்றி எழுதினார்கள். நான்கு கையெழுத்து, மூன்று கூட்டல். அடுத்த சீசனும் இப்படியானால் அணியின் பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று கமிட்டியில் பேச்சு வந்துவிட்டது.

மாமா சம்மதித்துவிட்டார். வரும் ஞாயிறு முதல் எட்டு வாரம், காலை ஏழு மணிக்கு, இதே கூடத்தில் ஸ்கோர் எழுதச் சொல்லித் தருகிறார். பையன்கள்தான் என்றில்லை, பெண் குழந்தைகளும் வரலாம். நம்மவர்கள்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். என் பேத்தி பெயர் கொடுத்துவிட்டாள். எச்.பி. பென்சில் இரண்டு, ரப்பர் ஒன்று கொண்டு வரவேண்டும். பேனா கொண்டு வந்தால் மாமா உள்ளே விடமாட்டார். இட்லிக்கு மாமி பொறுப்பு. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

இப்போது தலைவர் அவர்கள் நால்வருக்கும் பொன்னாடை போர்த்துவார். முதலில் காகாவை மேடைக்கு அழைத்து வாருங்கள். படி ஏறும்போது யாராவது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.